முதல் கட்டத்தில் ஒரு சாய்கோடு

மக்களே, நம்ம ‘எந்தப் பக்கம்?’ புத்தகமா வருது, நிஜப் புத்தகம், தாள்ல, அட்டையோட, முதுகுல பேரோட, நூத்தியொரு வாசகர் கருத்தோட, வர்ற மாசம் உங்க கையில!

இருங்க, மூச்சு விட்டுக்கறேன்.

பழைய ஆளுங்களுக்குத் தெரியும், புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன். நான் ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கறவ. காலேஜ் வாசலைப் பார்த்தது கிடையாது, கத்துக்கிட்டதெல்லாம் உதவிப் புத்தகங்கள்லதான். அதனால ஆரம்பிச்சதுதான் இந்த இணையப் பக்கம். ஒரு புத்தகம் உங்களுக்கு உதவுச்சுன்னா ஒரு படிவம், அதுல மூணு கட்டம். ஒண்ணு: இதை எதுக்கு வாங்கினீங்க? ரெண்டு: எந்தப் பக்கம் உதவுச்சு? மூணு: எந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடலாம்? அவ்வளவுதான்.

முன்னுரை எழுதச் சொன்னார் பதிப்பாளர். நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். கடைசியில நானும் என் சித்தியும் இந்த வருஷம் போட்டுக்கிட்ட லெட்டரையே முன்னுரையா கொடுத்துட்டேன். சித்தி சம்மதம் சொல்லியாச்சு. இதுல நான் எவ்வளவு பெரிய மக்குன்னு தெரியும். பரவால்ல, படிங்க.

✉

ஜனவரி 8

அன்புள்ள சித்திக்கு,

வாலு எழுதறேன். இங்க எல்லாரும் நலம், அங்க உன் நலம் அறிய ஆசை. (இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு அம்மா தலைக்கு மேலயே நிக்கிறாங்க.)

சித்தி, பக்கத்துல மூவாயிரம் பேர் சேர்ந்துட்டாங்க! நேத்து ஒரு தையல்காரர் ஸ்கூல் கணக்குப் புத்தகத்துக்குப் படிவம் எழுதியிருக்கார். முதல் கட்டம்: “நான் தைக்கிற காலர் எல்லாம் தூக்கிக்கிட்டு நிக்குது.” ரெண்டாவது: “பக்கம் 31, வட்டம். இப்ப காலர் கழுத்துல குழந்தை மாதிரி உக்காருது.” ஒரு லாரி டிரைவர் கைக்குழந்தை வளர்ப்புப் புத்தகம் படிச்சிருக்கார். சம்சாரம் வேலைக்குப் போறாங்களாம், இவர்தான் பாக்கறாராம். விக்கல் வந்தா என்ன பண்ணணும்ங்கற பக்கத்தை வண்டி கண்ணாடியிலயே ஒட்டி வெச்சிருக்கார். எனக்குப் படிக்கப் படிக்க அழுகை வருது, சிரிப்பும் வருது.

உனக்கு அஞ்சு படிவம் வெச்சிருக்கேன். உனக்கு என்ன புத்தகம் வேணும்னு எழுது, பழைய புத்தகக் கடையை அலசி அனுப்பறேன்.

இன்னொண்ணு. அம்மா உன் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டாங்களாம். அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள “நல்லா இருக்கேன், நீயும் நல்லா இரு”ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டியாமே? “என் தங்கச்சி பெரிய ஆபீசர் ஆயிட்டா”ன்னு ஒரு வாரமா முணுமுணுக்கறாங்க. என்ன கோபம் உனக்கு?

அன்புடன்,
வாலு

✉

ஜனவரி 27

அன்பு வாலுக்கு,

சித்தியின் ஆசிகள். நானும் மூன்று பம்புகளும் நலம். அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

எழுத உட்கார்ந்தால் எனக்குப் பதிவேட்டு மொழிதான் வரும், சிரிக்காதே. பதினெட்டு வருடமாகக் குடிநீர்ப் பம்ப் ஹவுசில் மணிக்கு ஒரு முறை “பம்ப் 1: சீர். பம்ப் 2: சீர்” என்று எழுதிய கை இது.

அக்காவிடம் எனக்குக் கோபம் ஏதுமில்லை. நான் ஏரிக் கரையில் குடியிருக்கிறேன், இங்கே சிக்னல் எட்டிப்பார்ப்பதில்லை. ஆபீஸ் போனோ அதிகாரியின் மேசையில் இருக்கிறது. இனி கடிதமே போடுங்கள். கடிதம் என்றால் நின்று நிதானமாகப் படிக்கலாம்.

அதிகாரி புதியவர். மீசை மட்டும் பழையது, வாயையே மூடிக்கொண்டு தொங்குகிறது. ஜூலையில் எல்லோருக்கும் உடல் தகுதித் தேர்வு என்று அறிவித்திருக்கிறார். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம். தேறாதவர்களுக்குப் பம்ப் ஹவுஸ் கிடையாது, பில் எழுதும் மேசைதான். அந்த மேசைக்குப் போனால் நான் மூன்றே மாதத்தில் துருப்பிடித்துவிடுவேன். அது நடக்காது, நான் கல் மாதிரி இருக்கிறேன்.

சுழலும் இயந்திரங்களின் அதிர்வைப் பற்றி ஏதாவது புத்தகம் கிடைத்தால் அனுப்பு. படம் நிறைய இருக்கட்டும்.

அன்புள்ள,
சித்தி

✉

பிப்ரவரி 10

அன்புள்ள சித்திக்கு,

நலம். அம்மா முட்டி அப்படியேதான் இருக்கு, வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது.

அதிர்வுப் புத்தகம் கிடைச்சுடுச்சு! மூணு கடை ஏறி இறங்கினேன். கடைக்காரர் “இதை எந்த எஞ்சினியருக்கும்மா?”ன்னு கேட்டார். “எஞ்சினியருக்கே சொல்லிக் கொடுக்கிற எங்க சித்திக்கு”ன்னேன். அப்படிப் பாக்காத, நெஜமாத்தான் சொன்னேன். சின்ன வயசுல உன்கூட பம்ப் ஹவுசுக்கு வந்தப்ப, கண்ணை மூடிக்கிட்டு “மூணாவது ஆள் இருமறான்”னு சொன்னியே, திறந்து பார்த்தா பேரிங் தேஞ்சிருந்துச்சே. அதை நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

இந்த வாரம் வந்ததுல சூப்பர் ஒண்ணு: பேக்கரிக்காரர் ஒருத்தர், கையெழுத்துப் பயிற்சிப் புத்தகம். “கேக்ல பேர் எழுதினா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு ஒரு அம்மா காசைத் திருப்பிக் கேட்டாங்க, அதான் வாங்கினேன்”னு எழுதியிருக்கார். நீச்சல் புத்தகத்துக்கு ஒரு குமாஸ்தா எழுதினதைக் கேளு: “பக்கம் 9-ஐத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்.” மனுஷன் உயிரோட இருக்கார், பயப்படாத.

சீக்கிரம் படிச்சு, படிவத்தை அனுப்பு. மூணு கட்டமும் நிரப்பணும். சொந்தக்காரின்னு சலுகை கிடையாது.

அன்புடன்,
வாலு

✉

மார்ச் 15

அன்பு வாலுக்கு,

ஆசிகள். நானும் மூன்று பம்புகளும் நலம்.

புத்தகம் வந்தது. இரண்டு முறை படித்தேன். படிவம் கீழே:

*1. எதற்கு வாங்கினீர்கள்?* ⁄

*2. எந்தப் பக்கம் உதவியது?* பக்கம் 112, ஏழாவது வரி. ஓடும் பம்பின் முதுகில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும். நின்றால் பம்ப் நலம், விழுந்தால் பேரிங்கைப் பார். ஒரு மாதமாகத் தினமும் செய்கிறேன். அதே நாணயம்தான். உள்ளங்கையை வைத்துப் பார்க்கும் முறை பக்கம் 118-ல். மூன்று பம்புக்கும் மூன்று விதமான நடுக்கம் இருக்கிறது. கைக்கு அது முகம் மாதிரி, பார்த்தவுடன் தெரிகிறது.

*3. எந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம்?* பக்கம் 40. படத்தைத் தலைகீழாக அச்சிட்டிருக்கிறார்கள்.

முதல் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை, அதனால் சாய்கோடு போட்டுவிட்டேன். எங்கள் பதிவேட்டில் காலி இடம் விட்டால் மெமோ வரும், பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள் என்று.

வீட்டு மின்வேலை பற்றிப் புத்தகம் இருந்தால் அனுப்பு. வாசல் அழைப்பு மணியோடு ஒரு விளக்கையும் சேர்த்து எரிய வைக்க வேண்டும்.

அன்புள்ள,
சித்தி

✉

ஏப்ரல் 2

என் தங்கச் சித்திக்கு,

நலமா? நான் வானத்துல பறக்கறேன்! நீ எழுதின நாணயம் வெடிச்சுடுச்சு! நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்காங்க! ஒருத்தர் மிக்ஸி மேல நாணயம் வெச்சுப் பார்த்து மூக்குல அடி வாங்கியிருக்கார். எல்லாரும் உன்னை ‘நாணயக்காரம்மா’ன்னுதான் கூப்பிடறாங்க. உன் பேரோ ஊரோ போடல, பயப்படாத. முதல் கட்டத்தை விட்டுட்டியே, அதை நானே நிரப்பிட்டேன்: “பம்புகளைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ளும் ஆசை.” கரெக்ட்தானே? மின்வேலைப் புத்தகமும் இதோட வருது. மணியடிச்சா விளக்கு எரியுமா! சித்தின்னா சித்திதான்.

இன்னொரு கூத்து கேளு. பேர் போடாம ஒரு படிவம் வந்துச்சு. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிஞ்சுக்கறது எப்படின்னு ஒரு புத்தகமாம். ரெண்டாவது கட்டம்: பக்கம் 20, மூன்றாவது வரி. மூணாவது கட்டம்: “கிழிக்க எதுவுமில்லை. ஆனால் மீசைக்காரர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.” முதல் கட்டத்துல வெறும் கிறுக்கல்! விடுவேனா? பக்கத்துல போட்டேன்: “முதல் கட்டத்தை ஏய்ச்ச மர்ம வாசகரே, உதட்டைப் படிச்சு யார் வீட்டு ரகசியத்தை ஒட்டுக் கேக்கப் போறீங்க? உங்க படிவம் நிராகரிக்கப்பட்டது!” ஆயிரத்து இருநூறு பேர் சிரிச்சிருக்காங்க.

பேக்கரிக்காரர் மட்டும், “காது கேக்காதவங்களா இருக்கலாமேம்மா”ன்னு கீழ எழுதினார். “அப்படின்னா எழுதியிருப்பாங்களே, அதுல என்ன வெட்கம்?”னு பதில் போட்டுட்டேன்.

உடனே பதில் எழுது!

அன்புடன்,
ஊர் புகழும் வாலு

✉

மே 20

அன்புள்ள சித்திக்கு,

நலமா? நெஜமாவே கேக்கறேன். ஒன்றரை மாசமா உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. தபால்காரரைப் பார்த்தாலே அம்மா வாசலுக்கு ஓடறாங்க, முட்டிவலியோட. ஆபீஸ் போன்ல கேட்டா யாரோ “டூட்டியில இருக்காங்க”ன்னு சொல்றாங்க. புத்தகம் வந்துச்சா? விளக்கு எரியுதா?

கோபமோ என்னவோ, இந்தச் சேதியைக் கேட்டா நீ குதிப்பே. போன வாரம் ஒருத்தர் கடைக்கு ஏதோ பத்திரம் நகலெடுக்க வந்தார். மேசையில கிடந்த படிவங்களை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சவர், நின்னுக்கிட்டே ஒரு மணி நேரம் படிச்சார். “அய்யா, நகல் ரெடி”ன்னா காதுலயே வாங்கல. அவர் ஒரு பதிப்பாளர், சித்தி! இதையெல்லாம் புத்தகமா போடலாம்னு சொல்றார். முழுசா நிரப்பின நூறு படிவம் வேணும், நிராகரிச்ச படிவக் கட்டையும் பாக்கணும்னார். வெளியீட்டுக்கு நாணயக்காரம்மா மேடையேறணுமாம். கூட்டம் கேள்வி கேக்கும், நீ மைக்ல பதில் சொல்லணும். நான் சரின்னு சொல்லிட்டேன்.

வருவே இல்ல?

அன்புடன்,
வாலு

✉

மே 29

வாலுக்கு,

பம்புகள் நலம்.

மேடைக்கு வர மாட்டேன். நாணயக் கருத்தைப் புத்தகத்தில் சேர்க்காதே, பக்கத்திலிருந்தும் எடுத்துவிடு. ஆபீசில் எல்லோரும் உன் பக்கத்தைப் பார்க்கிறார்கள். நேற்று அதிகாரி என் பம்பின் முதுகில் இருந்த நாணயத்தைக் கையில் எடுத்து என்னவோ கேட்டார். நான் தலையாட்டி வைத்தேன்.

என் கட்டத்தில் நீ எழுதியது பொய். ஒருவர் சாய்கோடு போட்ட இடத்தில் இன்னொருவர் எழுதினால், எங்கள் வேலையில் அதற்குப் பெயர் உதவி அல்ல.

அக்காவிடம் வேலை அதிகம் என்று சொல்.

சித்தி

✉

ஜூன் 9

சித்திக்கு,

உன் லெட்டரைப் படிச்சுட்டு ரெண்டு நாள் உன்மேல கோபமா இருந்தேன். உன் கருத்தை அன்னைக்கே பக்கத்துல இருந்து எடுத்துட்டேன். ஆனா மனசுக்குள்ள, ‘பெரிய இவ’ன்னு திட்டிக்கிட்டுத்தான் எடுத்தேன்.

நேத்து பதிப்பாளருக்காக எல்லாப் படிவத்தையும் நகலெடுத்தேன், நிராகரிச்ச கட்டையும் சேர்த்து. அதுல ஒரு நகல்ல குறுக்கால ஒரு கோடு விழுந்துச்சு. கண்ணாடியில கீறல்னு நினைச்சு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். மறுபடி எடுத்தேன், மறுபடியும் கோடு. டிரம்மைக் கழட்டிச் சுத்தம் பண்ணினேன். அப்பவும் அதே இடத்துல கோடு. அப்புறம்தான் ஒரிஜினலைப் பார்த்தேன். மெஷின்ல கோளாறு இல்ல, சித்தி. உதட்டுப் புத்தகப் படிவம் அது. நான் கிறுக்கல்னு சொன்னது சாய்கோடு. முதல் கட்டத்துல, மூலைக்கு மூலை, நேரா.

உன் படிவத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சேன். நான் எழுதின பொய்க்கு அடியில அதே சாய்கோடு. நீ 112-ஆம் பக்கம் ஏழாவது வரின்னு எழுதியிருக்கே. அதுல 20-ஆம் பக்கம் மூணாவது வரி. ஆயிரம் படிவம் பார்த்தவ நான், பக்கத்தோட வரி எண்ணையும் எழுதறவங்க வேற யாருமே இல்ல. அதுல கையெழுத்து உன்னோடது இல்ல, ஆனா அந்த மீசை உங்க அதிகாரியோடது.

நான் கடையில கீழ உக்காந்துட்டேன். முதலாளி வந்து “என்னாச்சு, பேப்பர் ஜாமா?”ன்னு கேட்டார். ஆமான்னேன்.

போன். நாணயம். மணியோட ஒரு விளக்கு. புத்தகம் ரெண்டையும் என் கையாலயே உனக்குப் பார்சல் கட்டி அனுப்பியிருக்கேன், எதுக்குன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. ஊர்ல மத்த எல்லாரையும் கேட்டேன்.

சித்தி, உனக்குக் காது கேக்குதா, இல்லையா? ஒரே வார்த்தை எழுது போதும். அம்மாகிட்ட சொல்லல.

வாலு

✉

ஜூன் 21

அன்பு வாலுக்கு,

சித்தியின் ஆசிகள்.

இல்லை.

இடது காது போய் ஒன்றேகால் வருடம் ஆகிறது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல. காதுறை போட்டு வேலை செய் என்று முதல் நாளே சொன்னார்கள். போட்டால் பம்ப் பேசுவது கேட்காது என்று நான் போடவில்லை. எந்தக் காதை வைத்துப் பெயர் வாங்கினேனோ அதையே தின்றுவிட்டது அந்தச் சத்தம்.

இது தெரிந்த ஒரே ஆள் இங்கே வால்வு திறந்து மூடும் அண்ணன்தான். உதட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவரும் சாப்பாட்டு வேளையில் பயிற்சி செய்வோம். அவர் பேசுவார், நான் திரும்பச் சொல்வேன். அவர் “நாளைக்கு எனக்கு லீவு” என்றால், “உங்களுக்கு எதற்குத் தலைவலி” என்பேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். படிவத்தை எழுதி டவுனில் தபாலில் போட்டவர் அவரே. “சித்திங்கிற முறையில அனுப்பாதீங்க, வாசகியா அனுப்புங்க, பொண்ணு போடும்” என்றார். அவர் மனைவி பிறவியிலேயே காது கேளாதவர். உன் பக்கத்தில் வந்த கேலியை அவர்தான் என்னிடம் காட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. திருப்பிக்கொண்டதால் அவர் அதற்கு என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோபப்பட்டேன். பிறகு யோசித்தேன். “எழுதியிருப்பாங்களே, அதுல என்ன வெட்கம்?” என்று கேட்டாயே. கேட்டது வாலுத்தனம்தான், ஆனால் கேள்வி சரியானது. பதினெட்டு வருடமாக உண்மையை மட்டும் எழுதிய கை, இந்த ஒரு கட்டத்தில் ஏன் சாய்கோடு போட்டது? பில் மேசைக்குப் பயந்துதான்.

ஆகவே, இதோ:

*அதிர்வுப் புத்தகம். எதற்கு வாங்கினீர்கள்?* காது போனதால்.

*மின்வேலைப் புத்தகம். எதற்கு வாங்கினீர்கள்?* கதவைத் தட்டியவர்கள் திரும்பிப் போய்விட்டதால்.

*உதட்டுப் புத்தகம். எதற்கு வாங்கினீர்கள்?* அக்கா அடுத்த முறை நேரில் வரும்போது அவள் திட்டுவது ஒன்றுவிடாமல் புரிய வேண்டும் என்பதற்காக.

தேர்வு ஜூலை 14. காதுச் சோதனை ஒரு சின்னக் கண்ணாடி அறையில் நடக்கும். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே கருவியை இயக்குபவரின் கையைப் பார்த்து எப்படியாவது அழுத்திவிடலாம் என்றிருந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. அங்கேயும் முதல் கட்டத்தை நானே எழுதப்போகிறேன். அதுவரை இது உனக்கும் எனக்கும் மட்டும்.

அன்புள்ள,
சித்தி

✉

ஜூலை 3

என் சித்திக்கு,

நான் நலம் இல்ல, ஆனா நலமாயிடுவேன்.

மன்னிப்புன்னு ஒரு வார்த்தையை எழுதி எழுதி அடிச்சேன், எல்லாம் சின்னதா தெரிஞ்சுது. அதனால செஞ்சதைச் சொல்றேன். அந்தக் கேலிப் பதிவை எடுத்துட்டேன். சத்தமில்லாம எடுக்கல. அதே இடத்துல, “பேர் சொல்லாத ஒரு வாசகரை நான் கேலி பண்ணினேன். பேக்கரிக்காரர் சரியா சொன்னார், நான் திமிரா பதில் சொன்னேன். தப்பு என்னோடது”ன்னு போட்டேன். உன்னைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. முந்நூறு பேர் பக்கத்தை விட்டுப் போயிட்டாங்க. பேக்கரிக்காரர் கடைக்கே ஒரு கேக் அனுப்பினார். அதுல “பரவால்லம்மா”ன்னு எழுதியிருந்துச்சு. எழுத்து நெஜமாவே முன்னேறியிருக்கு.

சித்தி, 14-ஆம் தேதி அந்தக் கண்ணாடி அறைக்கு நீ தலைநிமிர்ந்து போகணும். அந்த அதிகாரி என்ன சொன்னாலும், “ஒன்றேகால் வருஷப் பதிவேட்டைப் பாருங்க”ன்னு சொல்லு. பம்ப் நின்ன நாள் எத்தனைன்னு எண்ணச் சொல்லு. நாணயத்தை எடுத்துக்கிட்டுப் போ. ரெண்டா எடுத்துக்கோ, ஒண்ணு உருண்டு போயிட்டா?

பதிப்பாளர்கிட்ட, நாணயக்காரம்மா இல்லாட்டி மேடையே வேணாம்னு சொல்லிட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஆனா உனக்கு லெட்டர் எழுதறப்ப நான் மூக்கை உறிஞ்சறதைப் பார்த்துட்டு, “என் தங்கச்சிக்கு என்னடி?”ன்னு கேட்டாங்க. தேர்வு முடிஞ்சதும் நீயே எழுதிடு.

அன்புடன்,
உன் மக்கு வாலு

✉

ஜூலை 26

அன்பு வாலுக்கும் அக்காவுக்கும்,

சித்தியின் ஆசிகளும் தங்கையின் வணக்கமும். நானும் மூன்று பம்புகளும் நலம். அக்கா, முழுதும் படித்துவிட்டு அழு.

14-ஆம் தேதி கண்ணாடி அறைக்கு வெளியிலேயே நின்று, எழுதிக்கொண்டு போன தாளை அதிகாரியிடம் கொடுத்தேன். படித்தார். ஏதோ சொன்னார். “சார், உங்க மீசை உதட்டை மறைக்குது, எழுதிக் காட்டுங்க” என்றேன். வால்வு அண்ணன் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

அதிகாரி எழுதினார்: “ஒன்றேகால் வருடம் கேட்காமலா ஓட்டினீர்கள்?”

“பதிவேட்டைப் பாருங்க சார்.”

பார்த்தார். ஒருநாள்கூடத் தண்ணீர் நின்றதில்லை. அப்புறம் அவரே பம்ப் ஹவுசுக்கு நடந்தார். மூன்று பம்பின் முதுகிலும் நாணயம் வைக்கச் சொன்னார். முதலாவது நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவது விழுந்தது. காது நன்றாகக் கேட்கிற நான்கு பேர் சுற்றி நின்று, சத்தம் சீராகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார்கள். பம்பின் மேல் வைத்த என் கை மட்டும் இல்லை என்றது. “திறங்க” என்றேன். திறந்தார்கள். பேரிங்கின் உள்வளையத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். இன்னும் பத்து நாளில் நின்றிருக்கும்.

எல்லாமே கைகூடிவிடவில்லை, அதையும் எழுத வேண்டும். அதிகாரிக்கு ஒரே ஒரு பயம், அது நியாயமானது: ஆபத்து மணி அடித்தால் எனக்குத் தெரியாது. ஆகவே இனி தனி ஷிஃப்ட் கிடையாது. நானும் ஏரியும் மட்டுமாக இருந்த அந்த நேரங்கள் போய்விட்டன. அது வலிக்கிறது. ஆனால் பில் மேசை இல்லை. ஒரு வருடம் பார்ப்போம் என்றிருக்கிறார். மணியோடு சேர்ந்து எரிய நான்கு இடத்தில் சிவப்பு விளக்கு. வயரிங் நானே செய்தேன், பக்கம் 66. எல்லோருக்கும் காதுறை கட்டாயம், போடாதவர்களைப் பார்த்தால் நான் சத்தம் போடுகிறேன். என் சத்தம் எனக்குக் கேட்காததால் அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறதாம். வலது காதுக்குக் கருவி ஒன்று வரப்போகிறது.

மேடைக்கு வருகிறேன். மைக்கில் வரும் கேள்வி எனக்கு வேண்டாம். சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். நாணயக் கருத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள். உதட்டுப் புத்தகத்தையும் சேர். முதல் கட்டம் நான் எழுதியபடியே இருக்க வேண்டும், ஒரு எழுத்தும் மாற்றாதே. இந்தக் கடிதங்களையும் போட்டுக்கொள், அதிகாரியைக் கேட்டுவிட்டே சொல்கிறேன்.

இன்னொன்று. நேற்று அதிகாரி வேலைக்கு வந்தபோது எங்கள் எல்லோருக்கும் அடையாளமே தெரியவில்லை. மீசையைக் கத்தரித்துவிட்டு வந்திருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கட்டம் அவருடையது.

அன்புள்ள,
சித்தி

✉

அவ்வளவுதான் மக்களே. இந்த லெட்டரை அம்மா ஏழு தடவை படிச்சாங்க. எட்டாவது தடவை கண்ணாடி முன்னாடி நின்னு, “நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?”ன்னு உதட்டை நல்லா அசைச்சு அசைச்சுப் பேசிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் பார்த்ததும், “என்னடி முறைக்கிற? திட்டறதும் பழகணும்ல?”ன்னாங்க.

வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, காலை பத்து மணிக்கு எங்க ஜெராக்ஸ் கடை மாடி. நாணயக்காரம்மா வர்றாங்க, வால்வு அண்ணனும் அவர் சம்சாரமும் வர்றாங்க. தையல்காரரே, லாரிக்கார அண்ணே, குமாஸ்தா அய்யா, எல்லாரும் வாங்க. கேக் பேக்கரிக்காரர் பொறுப்பு. மைக் கிடையாது. வாசல்ல சீட்டும் பேனாவும் இருக்கும், கேள்வியை எழுதிக் கொடுங்க. நேர்ல பேசணும்னா முகத்துக்கு நேரா நின்னு நிதானமா பேசுங்க. பெரிய மீசைக்காரங்க கொஞ்சம் தயவு பண்ணுங்க.

வர முடியாதவங்க இதைப் படிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்புங்க. உங்களுக்கு உதவின புத்தகம் எதுவா இருந்தாலும், சமையலோ சட்டமோ சதுரங்கமோ, படிவத்தைக் கீழ போட்டிருக்கேன், நிரப்பி அனுப்புங்க. முதல் கட்டத்துல எழுத இன்னும் மனசு வரலையா? சாய்கோடு போட்டு அனுப்புங்க. அதுமேல நான் எதுவும் எழுத மாட்டேன். நீங்களா எழுதற வரைக்கும் அது அப்படியே இருக்கும்.